ஆமைக்குஞ்சுகளை ஆற்றிடமிருந்து காப்பாற்றிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காவிரியில் பொரிக்கும் ஆமைக்குஞ்சு கடலுக்குப் போகும் என்று நான் நம்பியிருந்தேன். அரைகுறையாக இல்லை, முழு மனதோடு. ஒகேனக்கல்லுக்குக் கீழே மணலில் பொரித்து, மேட்டூர் அணைக்குள் இறங்கி, மதகு திறக்கும்வரை அங்கேயே காத்துக் கிடந்து, அப்புறம் பவானி, ஈரோடு, திருச்சி என்று ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் பூம்புகாரில் கடலைப் பிடிக்கும். அப்படித்தான் நினைத்திருந்தேன். உள்ளங்கையில் பாதிகூட நிரம்பாத ஒரு ஜீவனுக்கு இவ்வளவு பெரிய சுற்றுலாவா என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார்கள். நான் எழுந்து நின்றேன்.

"எல்லாம் சரிங்க மேடம். மேட்டூர் டேமை எப்படிங்க தாண்டும்?"

மேடம் என்று நான் சொல்வது எங்கள் மேற்பார்வையாளரை. ஆமையைப் பற்றியே படித்துவிட்டு வந்த பெண். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அறையிலிருந்த மற்றவர்கள் அந்தப் பாட்டையெல்லாம் படவில்லை. தாராளமாகச் சிரித்தார்கள்.

"அண்ணா, இது பாலாமை. ஆத்துல, ஏரியில, வயக்காட்டுக் குட்டையில கெடக்கறது. கடல் பக்கமே போவாது. பொறக்கறதும் இங்கதான், சாவறதும் இங்கதான்."

"அப்ப எங்கயுமே போவாதுங்களா?"

"போவும். பத்தடி. முட்டைக்குழியில இருந்து தண்ணி வரைக்கும். அந்தப் பத்தடிக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்."

அந்தப் பத்தடியில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கூண்டு எப்படிக் கட்டுவது, மண்ணின் சூட்டை எப்படி அளப்பது என்பதையெல்லாம் மேடம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார். என்னிடம் இருக்கும் சரக்கு வேறு. எப்படிப் பயப்படக் கூடாது என்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் இருக்காது.

நான் கடத்தூர்ப் பக்கத்துக்காரன். தக்காளி லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி கை மாறிப்போனதும், ஆற்றங்கரைக் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். இப்போது முட்டி ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது, நானும் அதோடு சேர்ந்து வாங்கிக்கொண்டேன். வேலையில் சேர்ந்த அன்று என் மனைவி கேட்டது இதுதான்:

"ஆமை பூந்த வூடு வெளங்காதும்பாங்க. நீ ஆமை வூட்டுக்குள்ளயே பூந்துட்ட. இப்ப யாரு வெளங்க மாட்டாங்க, நாமளா, ஆமையா?"

வேலைக்கு எடுத்ததும் எங்களை ஒரு வாரம் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அங்கே கடலாமை முட்டைகளைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவந்து புதைத்து, பொரித்ததும் குஞ்சுகளை எடுத்துப் போய் அலை ஓரத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏழு நாளும் ஏழு விதமாகப் பாடம் சொன்னார்கள். எனக்கு மனதில் நின்றது ஒரே ஒரு விஷயம்: அங்கே எல்லோர் கையிலும் பக்கெட் இருந்தது. குஞ்சைப் பக்கெட்டில் எடுத்துப் போகிறார்கள். ஆக, ஆமைக்காரன் என்றால் பக்கெட். திரும்பி வந்ததும் பென்னாகரம் சந்தையில் சிவப்பாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அதை ஆற்றங்கரையில் பார்த்த மேடம் நின்றுவிட்டார்.

"இது எதுக்குண்ணா?"

"இருக்கட்டும் மேடம். ஒரு அவசரத்துக்கு."

"குழியில இருந்து தண்ணி பத்தடி. இதுல பக்கெட்டுக்கு எங்க அவசரம்?"

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா அதை நீங்கதான் கூட்டிட்டு வந்திருப்பீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் பகுதியில் மூன்று முட்டைக்குழிகள் கண்டுபிடித்திருந்தோம். ஒன்றை நாய் தின்றது. ஒன்றைக் கீரி தின்றது. மூன்றாவதுதான் மிச்சம். கரையை ஒட்டி, ஆற்றுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு திட்டில், மணலும் வண்டலும் கலந்த இடத்தில் இருந்தது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு சின்னக் கால்வாய் போல ஆற்றின் கிளை ஒன்று ஓடும். கோடையில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். திட்டின் மறுபக்கம் பாறை மறைவில் ஒரு தேங்கல் உண்டு. அங்கே தண்ணீர் ஓடாது, அசையாமல் நிற்கும். குஞ்சுகள் போய்ச் சேர வேண்டிய இடம் அது. திட்டின் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பாறையும் உண்டு. அந்தப் பாறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் குழிக்கு மேல் கம்பி வலைக் கூண்டு கவிழ்த்து, மாதக்கணக்கில் காவல் இருந்தேன். உள்ளே எத்தனை முட்டை என்று தெரியாது. தோண்டிப் பார்க்க மேடம் விடவில்லை. என்னிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் முட்டையைக் குறித்துக் கேட்டதைவிடக் கறியைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். மீன் வறுவல் சாப்பிட வந்த ஒரு பெரியவர் கூண்டைப் பார்த்துவிட்டு மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, ஆமைக்கறி மூலத்துக்கு நல்லதாமே?"

"அப்படித்தாங்க சொல்லிக்கறாங்க. ஆனா ஆமைக்கே மூலம் வந்தா அது எதைத் திங்குங்க?"

பெரியவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு மீன் கடைக்கே திரும்பிப் போனார். இந்தப் பதிலை நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இந்த மாதிரி காமெடிகளுக்கு நடுவில் அந்தக் குழி எனக்கு என்னவோ ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு அதுதான். மழை தூறினால் கூடவே மனசும் நனையும். மூன்றில் ஒன்று. அதையும் விட்டுவிட்டால் அந்த வருடம் எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. மேடம் இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே எனக்கு அதிகமாகப் புரிந்தது.

இனி அந்த நாள்.

இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலை வானம் மூடியே கிடந்தது. எட்டரை மணி இருக்கும், கூண்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். மண் லேசாக வாய் பிளந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு. மனுஷன் மூக்கு மாதிரியே, ஆனால் பேனா முனையளவு. மூக்குக்குப் பின்னால் ஒரு தலை, தலைக்குப் பின்னால் ஒரு ஓடு. அது வெளியே வந்து, இரண்டு கையால் முகத்து மண்ணைத் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்தது. அவசரமாக எங்கோ போகிறவன் வழியில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் பென்னாகரத்தில் இருந்தார்.

"மேடம், வந்துருச்சுங்க! ஒண்ணு வந்துருச்சு. இல்லைங்க, ரெண்டு. மூணாவதும் வருது!"

"அண்ணா, மூச்சு வுடுங்க. நான் கெளம்பிட்டேன், ஒரு மணி நேரத்துல வந்துடறேன். நீங்க மூணே மூணு செய்யணும். கூண்டைத் தூக்குங்க. காக்கா, பருந்து வருதான்னு பாருங்க. தள்ளி நில்லுங்க. அவ்வளவுதான். தொடாதீங்க, அதுங்களே நடந்து போவட்டும்."

"சரிங்க."

"சொல்லுங்க பாப்போம்."

"கூண்டு, காக்கா, தள்ளி."

"தொடக்கூடாது."

"தொடக்கூடாதுங்க."

கூண்டைத் தூக்கினேன். காக்கை இல்லை. தள்ளி நின்றேன். பாருங்கள், மூன்றையும் சரியாகச் செய்துவிட்டேன். அந்த நிமிடத்தில் என்னைப் பாம்பு கடித்திருந்தால்கூட, நல்ல காவலாளி என்று பேர் வாங்கிக்கொண்டு செத்திருப்பேன்.

அப்போது சட்டைப் பையில் போன் டிங் என்றது.

பரிசல்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. ஆற்று நிலவரம் தெரியட்டும் என்று என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். ஒரே வரி: "மேல டேம்ல தண்ணி தொறந்துட்டாங்க. எல்லாரும் உஷார்."

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்பது குழாயில் வருவது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் விடும், நாலு நாள் விடாது. ஆகவே தெருவில் எவராவது "தண்ணி வுட்டுட்டாங்க!" என்று கத்தினால், சோற்றில் கை வைத்திருப்பவன்கூட எழுந்து கையில் கிடைத்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பூசையில் இருப்பவன் மணியைப் போட்டுவிட்டு ஓடுவான். கோயிலில் என்ன, எங்கள் சர்ச்சில் சாமியார் பிரசங்கம் நடத்திக்கொண்டிருக்கும்போது இந்தச் சத்தம் கேட்டு, பெண்கள் வரிசை மொத்தமும் காலியானதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் இந்த நிமிடம், பக்கெட், ஓடு. நாற்பது வருடமாக என் உடம்புக்குத் தெரிந்த பாடம் இதுதான்.

அந்த உடம்பு அன்றைக்கு ஓடியது.

எப்படி ஓடியது என்று எனக்கே தெரியாது. பக்கெட் கையில் இருந்தது. குனிந்தேன். குழியிலிருந்து வந்துகொண்டிருந்ததை எடுத்தேன், வழியில் நடந்துகொண்டிருந்ததை எடுத்தேன். இரண்டு குஞ்சு தேங்கலுக்கு மூன்றடி தூரத்தில் இருந்தன. அவற்றையும் விடவில்லை, ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒன்று என் விரலைக் கவ்வியது. "உன் நல்லதுக்குத்தான்டா" என்று அதற்கு ஆறுதல் வேறு சொன்னேன். மொத்தம் பதினொன்று. தோளில் கிடந்த துண்டைத் தேங்கலில் நனைத்துப் பக்கெட் மேல் போர்த்தினேன். அது ஒன்றுதான் அன்று என் மூளை செய்த வேலை. பிறகு அந்தப் பாறை மேல் ஏறினேன்.

கரைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். கால்வாயைத் தாண்டும்போது நடுவில் வெள்ளம் வந்து அடித்துவிட்டால்? அந்தக் கால்வாய் எட்டு அடி அகலம். நான் அதைத் தாண்ட எடுக்கும் நேரத்தில் ஒரு பீடிகூடப் பற்ற வைக்க முடியாது. ஆனால் என் கண்ணுக்கு மலை உயரத்தில் அலை தெரிந்துகொண்டிருந்தது.

தண்ணீருக்குப் போகப் பிறந்த பதினோரு ஜீவன்களைத் தண்ணீர் வருகிறது என்று தூக்கிக்கொண்டு, அந்த வட்டாரத்திலேயே தண்ணீருக்கு மிகத் தூரமாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். இது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மாறாக, என்ன ஒரு சமயோசிதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மேடத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பாறை மேல் ஏறினால் செல்போன் கர்நாடகாவுக்குக் குடிபெயர்ந்துவிடும். ஒரு பெண் குரல் கன்னடத்தில் பொறுமையாக ஏதோ சொன்னது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே பெண், அதே பொறுமை. "அம்மா தாயே, தண்ணி வருதும்மா" என்று அந்த ரெக்கார்டிங்கிடம் நான் சொன்னதாக ஞாபகம்.

அரை மணி நேரம் போயிற்று. வெள்ளம் வரவில்லை. பாறைக்குக் கீழே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு எந்த அவசரமும் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கொக்கின்மேல் கோபம் கோபமாக வந்தது. பொறுப்பில்லாத ஜென்மம்.

இறங்கிவிடலாமா என்று நினைக்கும்போதெல்லாம் அருவிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அந்தச் சத்தம் அங்கே வருடம் முழுக்க இருப்பதுதான். எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டது. கால்வாய் நடுவில் இருந்த ஒரு கல்லையே குறி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தக் கல்லைக் காணவில்லை. தண்ணீர் ஏறியிருக்கிறது! பெய்த மழைக்கு ஏதோ ஓடைத் தண்ணீர் நாலு விரல் ஏறியிருக்கும். எனக்கு அது போதும்.

எங்கள் வீட்டுச் சாமி அந்தோணியார். தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர். வெள்ளம் அவருடைய இலாகாவா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஊர் மாரியம்மனுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டேன். இரண்டு பேரும் கொக்கைப் போலவே இருந்தார்கள்.

அப்போது கால்வாய்க்கு அந்தப் பக்கம் கரையில் ஒரு ஆள் தெரிந்தான். பரிசல் ஓட்டும் முருகேசன். என் வயதுக்காரன், எனக்குச் சிநேகிதன். நான் கத்தினேன். அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை. காட்ட ஏதாவது வேண்டும். கைக்கு வந்தது பக்கெட் மேல் இருந்த துண்டு. அதை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினேன்.

முருகேசன் பார்த்தான். நின்றான். சந்தோஷமாகக் கையை ஆட்டினான். போய்விட்டான்.

நான் சுழற்றிக்கொண்டே இருந்தேன். வெகுநேரம். இதற்குள் மேகம் கலைந்துவிட்டது. நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்ட மறுநாள் வெயிலுக்கு வட்டி போட்டுத் திருப்பித் தரும் குணம் உண்டு. பாறை சுடுகிறது என்று நான் இரண்டு முறை உட்கார்ந்த இடத்தை மாற்றிக்கொண்டேன். நான் மாற்றிக்கொண்டேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். என்னை வைத்து இதுவரைக்கும் சிரித்தாயிற்று, அதற்காகத்தான் எழுதினேன், குறையில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பாறை மேல் ஏறும்போது குஞ்சுகளுக்காக ஏறினேன். அதில் சந்தேகமில்லை. துண்டை எடுத்தபோது குஞ்சுகளுக்காக எடுக்கவில்லை. நடுவில் எந்த நிமிடத்தில் ஆள் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பயம் நம்மிடம் சொல்லிவிட்டு மாறாது. உங்களுக்கு இந்த ஆற்றங்கரையில் கைகால் உதறும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு 'என்ன செய்யலாம்' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் 'ஓடு' என்றுதான் வரும். 'எவ்வளவு நேரம் இருக்கு' என்று கேளுங்கள். கேட்கிற கேள்வியை உங்களிடமே கேட்காமல் ஆற்றோடு இருக்கிறவர்கள் யாரிடமாவது கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியிருந்தால், குரூப்பில் நாலு எழுத்துத் தட்டியிருந்தால் போதும்.

ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் முருகேசன் திரும்பி வந்தான். கையில் டீ கிளாஸ். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டீ சிந்தாமல், என் கண்ணுக்கு மரணக் கால்வாயாகத் தெரிந்த அந்தத் தண்ணீரை நாலு எட்டில் தாண்டி வந்தான். பாறைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"என்னாத்துக்குய்யா மேல ஏறிக் குந்திக்கிட்டு இருக்க?"

"தண்ணி தொறந்துட்டாங்கய்யா!"

"ஆமா. நான்தான் குரூப்புல போட்டேன்."

"வெள்ளம்யா! வெள்ளம் வருது!"

"வரும். நாளைக்குப் பொழுது சாயத்தான் வரும். மைசூர்ப் பக்கத்துல இருந்து அது பஸ்ஸுலயா வருது? மலையெல்லாம் சுத்தி நடந்துதான வரணும்." ஒரு வாய் டீ குடித்தான். "துண்டை ஆட்டுனியே, அது என்ன, நடு ஆத்துல கட்சி மாநாடு ஏதும் நடத்துறியா?"

"நீ பாத்தியா? பாத்துட்டா போன?"

"சந்தோசமா ஆட்டுன. குஞ்சு பொரிச்சிருச்சு போலன்னு நெனச்சேன். டீ வாங்கிட்டு வந்தேன், உனக்கும் சேத்து. கொஞ்சம் ஆறிப்போச்சு."

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவனும் சிரித்தான். பயம் வடிகிறபோது வரும் சிரிப்பு அது, நிறுத்த முடியாது. சிரித்துக்கொண்டேதான், "வா, வந்து பாரு, பதினொண்ணு" என்று பக்கெட்டை அவன் பக்கம் சாய்த்தேன்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஏறி வந்த முருகேசன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். பக்கெட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான்.

"என்னாய்யா இது, அடுப்பு மாதிரி கொதிக்குது."

இறங்கினோம். எப்படி இறங்கினேன் என்பதில் காமெடி எதுவும் இல்லை. பாறையின் நிழலில் ஈர மண்ணைக் கையால் தோண்டி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். முருகேசன் டீயைக் கொட்டிவிட்டு அந்தக் கிளாஸில் தண்ணீர் மொண்டு வந்து, விரலால் சொட்டுச் சொட்டாக விட்டான். கொஞ்ச நேரத்துக்கு எதுவுமே அசையவில்லை. பிறகு ஒன்று கழுத்தை நீட்டியது. இன்னொன்று காலை உதறியது. நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடிக்கவிடாமல் கொஞ்சம் தாமதமாக அசைந்தவை இருந்தன. அசையாதவையும் இருந்தன.

மேடம் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தோம். தலைக்கவசத்தைக் கழற்றக்கூட இல்லை, நேராகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பக்கெட்டைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். என் தோளில் ஈரம் காய்ந்து மொடமொடப்பாகக் கிடந்த துண்டைப் பார்த்தார். 

"துண்டு எவ்வளவு நேரமாண்ணா மேல இல்ல?"

"ரொம்ப நேரமுங்க."

தெம்பாக இருந்தவற்றை முட்டைக்குழியின் ஓரத்தில், எங்கிருந்து எடுத்தேனோ அதே இடத்தில் வைத்தார். "இங்க இருந்தேதான் போவணும். இந்தப் பத்தடி அதுங்க நடக்கணும்," என்றார். நாங்கள் மூன்று பேரும் தள்ளி நின்றோம். ஒன்றன்பின் ஒன்றாக அவை நடந்தன. சிலது நேராக. ஒன்று மட்டும் நடுவில் குழம்பித் திரும்பி, என் காலைப் பார்த்து வந்து, பிறகு யோசித்துத் தேங்கல் பக்கம் போயிற்று. அது யோசித்ததில் நியாயம் இருக்கிறது. கடைசிக் குஞ்சு தண்ணீரில் இறங்கியதும் ஒரு சின்ன வளையம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

மேடம் பதிவேட்டைத் திறந்தார். அதில் இறப்புக் காரணம் என்று ஒரு இடம் இருக்கும். நீங்களும் நிரப்பப் போகிறீர்கள். முருகேசன் தொண்டையைக் கனைத்தான்.

"மேடம், பருந்து தூக்கிட்டுப் போச்சுன்னு எழுதிக்குங்க. பாவம், இவன் வேணும்னா செஞ்சான்? மாசக்கணக்குல மழையிலயும் வெயில்லயும் கெடந்தவன்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மேலே ஒரு பருந்தும் அப்போது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.  மேடம் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்கண்ணா. நீங்கதான இருந்தீங்க."

எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், கையெழுத்து கோணலாக இருக்கும். பொரித்தது பதினொன்று. தண்ணீருக்குள் போனது ஒன்பது. இரண்டு குஞ்சுகளைக் காவலாள் பிடித்துப் பக்கெட்டில் போட்டு வெயிலில் வைத்திருந்ததால் செத்துப்போயின. அன்றைக்கு வெள்ளம் வரவில்லை.